வயிற்றுப் பூச்சிக்கு இனிப்பு உருண்டையா, மாத்திரையா, கஞ்சியும் ஓய்வுமா?

வயிறு உப்பிக்கொண்டு, அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம் வந்து, சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே கக்கூஸைத் தேடி ஓடவைக்கும் ஒரு தொல்லை உண்டு. பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது, ரத்தமும் போகாது. மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது. தானாகச் சரியாகிவிடும் என்று விட்டால் மூன்றாவது வாரம் பேன்ட் இடுப்பில் நிற்காது. நீலகிரியில் ஊற்றுத் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் கறுப்பு ஹோஸ் பைப்பில் இழுத்து, மூடியில்லாத தொட்டியில் தேக்கிக் குடிக்கிற வீடுகள் இன்னும் நிறைய. அதனால் இதைச் சொல்லிப் புலம்பும் ஆள் உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார்.

அந்த ஆளுக்கு யோசனை சொல்ல வருகிறவர்களும் நான்கு வகை. ஒருவர் மெடிக்கல் ஷாப்பைக் காட்டுவார். இன்னொருவர், "இங்கிலீஷ் மருந்து வயிற்றைப் புண்ணாக்கும், ஹோமியோபதி பாருங்கள்" என்பார். மூன்றாமவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மோஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்வார். வீட்டுப் பெரியவர்களோ கஞ்சியும் மோரும் போதும், பூச்சி தானாக விழுந்துவிடும் என்பார்கள். நான்கையும் ஒரே தராசில் வைத்து எது நல்லது என்று கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஏனென்றால் இங்கே வேலை இரண்டு. உள்ளே குடியிருக்கும் கிருமியையோ புழுவையோ வெளியேற்றுவது ஒன்று. அது போகும்வரையும் போன பிறகும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது இன்னொன்று. எந்த வழியைப் பற்றி யார் சொன்னாலும், இது எந்த வேலையைச் செய்கிறது என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

உள்ளே இருப்பது யார்?

"பூச்சி" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் பல உயிர்கள் இருக்கின்றன. மேலே சொன்ன உப்புசம், நாற்ற ஏப்பம், மிதக்கும் மலம் எல்லாம் பெரும்பாலும் ஜியார்டியாவின் அடையாளம். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. 1681இல் லீவன்ஹூக் தன் வயிற்றுப்போக்கையே தான் செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது கண்டது இதைத்தான் என்று கருதப்படுகிறது. இதன் முட்டை போன்ற கூடு குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூடப் பிழைத்திருக்கும். தொட்டியில் வழக்கமாகப் போடும் அளவு குளோரினுக்கு அது அவ்வளவு சுலபமாகச் சாகாது. குளிர்ந்த மலைத் தண்ணீர் சுத்தமானது என்ற நம் பெருமை இங்கே நமக்கு எதிராகவே வேலை செய்கிறது.

அமீபா வேறு. சீதமும் ரத்தமும் கலந்து போகும், அடிவயிறு முறுக்கும். கவனிக்காமல் விட்டால் கல்லீரலில் சீழ்க்கட்டி வரைக்கும் போகலாம். புழுக்கள் இன்னொரு கூட்டம். உருளைப்புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டைப் பிடுங்கி, மண்ணைத் துணியில் துடைத்துவிட்டு அப்படியே கடிப்பது ருசிதான், ஆனால் முட்டை வயிற்றுக்குள் போவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. கொக்கிப்புழு வாய் வழியாக வருவதைவிட வெறுங்காலின் தோலைத் துளைத்து வருவதே அதிகம். அதன் குஞ்சுகளுக்குக் கதகதப்பும் ஈரமும் வேண்டும் என்பதால் ஊட்டிக் குளிரைவிட கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து மண்தான் அதற்குத் தோது. பிள்ளைகள் இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு தூங்காமல் புரண்டால் அது கீரிப்பூச்சி.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஜியார்டியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டினிடசோல் மாத்திரை கொக்கிப்புழுவைத் தொடாது. அதனால்தான் நான்கு யோசனைகளில் மூன்றாமவர் சொன்னதிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

மோஷன் டெஸ்ட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் அதிகம். மூடியிலேயே சின்னக் கரண்டி ஒட்டிய டப்பா ஒன்று தருவார்கள், அவ்வளவுதான். ஆனால் அதில் இரண்டு விஷயம் மலைக்காரர்களுக்கு முக்கியம். தண்ணீராகப் போகும்போது எடுத்த மலத்தில் இருக்கும் உயிருள்ள கிருமிகள் சீக்கிரம் செத்துவிடும். மஞ்சூரில் காலையில் எடுத்து, பஸ் பிடித்து, ஊட்டியில் லேப் கவுண்டரில் நீட்டும்போது மணி பத்தாகிவிட்டால் நுண்ணோக்கியில் ஒன்றும் அசையாது. முடிந்தால் ஊருக்குள் போன பிறகு எடுங்கள், இல்லையென்றால் கெடாமல் வைக்கும் திரவம் ஊற்றிய டப்பா கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டாவது, ஜியார்டியா தினமும் வெளியே வராது. ஒரு டெஸ்டில் "இல்லை" என்று வந்தால் இல்லை என்று ஆகிவிடாது. வேறு வேறு நாளில் 3 முறை கொடுக்கச் சொல்வது காசு பிடுங்குவதற்காக அல்ல.

நடுவட்டத்து மரமும் வெள்ளை உருண்டையும்

ஹோமியோபதிக்கு வருவோம். அதைத் தேடிப் போகிறவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் டாக்டர் முகத்தைப் பார்ப்பதற்குள் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. ஹோமியோபதி டாக்டரோ உட்காரவைத்து, தூக்கம் எப்படி, கனவு வருமா, புளிப்பு பிடிக்குமா இனிப்பு பிடிக்குமா என்று அரை மணி நேரம் கேட்கிறார். மூன்று வாரமாக வயிறு படுத்தியவருக்கு அந்தக் கவனிப்பே பாதி மருந்து மாதிரிதான் தோன்றும். இந்தியாவில் அது சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட முறை, பி.எச்.எம்.எஸ். முறையான பட்டப்படிப்பு. அதெல்லாம் சரி. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கிருமி சாகிறதா?

வயிற்றுத் தொல்லைக்கு ஹோமியோபதியில் அடிக்கடி வரும் பெயர்கள் மூன்று. உப்புசத்துக்கும், போய்ப் போய்ச் சோர்ந்தவருக்கும் சைனா. குமட்டலோடு போனால் இபிகாக். பல்லைக் கடித்து, மூக்கை நோண்டி, பின்பக்கத்தைச் சொறியும் பிள்ளைக்கு சினா. மூன்றின் பூர்விகமும் சுவாரசியமானது.

சைனா என்பது சிங்கோனா மரப்பட்டை. அந்த மரம் நமக்கு அந்நியமில்லை. 1860களில் நம் நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசாங்கமே தோட்டம் போட்டு வளர்த்தது. அதன் பட்டையிலிருந்து குயினைன் என்ற மலேரியா மருந்தை எடுக்கும் ஆலையே நடுவட்டத்தில் இருந்தது. ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமன் 1790இல் இதே பட்டையைத் தானே தின்று பார்த்து, மலேரியா போன்ற நடுக்கம் தனக்கு வந்ததாக எழுதினார். "ஒத்தது ஒத்ததைத் தீர்க்கும்" என்ற அவருடைய கொள்கைக்கு வித்து அதுதான். இபிகாக் செடியின் வேரில் எமெட்டின் இருக்கிறது. அதைப் பிரித்து ஊசியாகப் போட்டு அமீபா சீதபேதியைக் குணப்படுத்த முடியும் என்று 1912இல் கல்கத்தாவில் லியனார்ட் ராஜர்ஸ் காட்டினார். சினா, நம் மருக்கொழுந்தின் உறவுச் செடி. அதிலிருந்து எடுத்த சாண்டோனின் ஒரு காலத்தில் உருளைப்புழுவை வெளியேற்றும் மருந்தாகவே உலகமெங்கும் விற்றது. கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்ற பக்கவிளைவு இருந்ததால், அதைவிடப் பத்திரமான மருந்துகள் வந்தபோது மறைந்துபோனது.

ஆக, இந்தச் செடிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ ஒரு ஒட்டுண்ணியை உண்மையிலேயே கொல்லும் சரக்கு இருந்தது. கைக்கு வரும் உருண்டையில் அது இருக்கிறதா என்பதுதான் சிக்கல். சீசாவில் "30" என்று போட்டிருந்தால், ஒரு பங்கு மருந்தை நூறில் ஒரு பங்காகக் கரைத்து, அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடியும் நூறில் கரைத்து, இப்படி 30 தடவை செய்தது என்று பொருள். 12ஆவது தடவையிலேயே நீர்த்தல் 1க்குப் பின்னால் 24 சைபர் போட்ட அளவுக்குப் போய்விடும். அதன் பிறகு அந்தச் சீசாவில் மூல மருந்தின் ஒரு மூலக்கூறுகூட இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. "200" என்றால் சொல்லவே வேண்டாம். நடுவட்டத்து மரம் மலேரியாவைத் தீர்த்தது குயினைனால், அதுவும் போதுமான அளவு உடம்புக்குள் போனதால்.

கணக்கு கிடக்கட்டும், கொடுத்துப் பார்த்தார்களா என்று கேட்கலாம். பார்த்தார்கள். நிகராகுவாவில் வயிற்றுப்போக்கு வந்த 81 குழந்தைகளிடம் செய்து 1994இல் வெளியான ஆய்வு, ஹோமியோபதி கொடுத்தவர்களுக்குப் போக்கு கொஞ்சம் சீக்கிரம் நின்றதாகச் சொன்னது. இன்றைக்கும் அதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அதே ஆய்வாளரின் குழு ஹோண்டுராசில் 292 குழந்தைகளிடம் ஹோமியோபதிக் கூட்டு மாத்திரை ஒன்றை வைத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015இல் 176 ஆய்வுகளைச் சலித்துவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தரும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்றது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு அதை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2009இலேயே சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் உருண்டை சாப்பிட்டுக் குணமானேன் என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. நல்ல உடம்புக்காரருக்கு ஜியார்டியா சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடுவது உண்டு. அது ஏறி இறங்கி வரும் நோயும்கூட. ஆள் டாக்டரைத் தேடுவது தொல்லை உச்சத்தில் இருக்கும்போது. அதன் பிறகு எதைச் சாப்பிட்டாலும் இறங்குமுகம்தான். புழுவுக்கு இந்தச் சலுகை கிடையாது. உருளைப்புழு ஓராண்டு, இரண்டாண்டு உள்ளே இருக்கும், கொக்கிப்புழு இன்னும் கூட.

மாத்திரை வழி

இங்கே சொல்ல அதிகமில்லை, மாத்திரை வேலை செய்கிறது. ஜியார்டியாவுக்கு டினிடசோல் பெரியவர்களுக்கு ஒரே வேளை, 2 கிராம், சாப்பாட்டோடு. பத்தில் ஒன்பது பேருக்கு அதிலேயே போய்விடும். மெட்ரோனிடசோல் என்றால் 5 முதல் 7 நாள். நிடசாக்சனைடு 3 நாள், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு சிரப்பாகவும் கிடைக்கும். அமீபா என்றால் மெட்ரோனிடசோலோடு கதை முடியாது. குடலுக்குள் தங்கிய கூடுகளுக்கு டைலாக்சனைடு போன்ற இரண்டாவது மருந்து வேண்டும். இதைத்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். புழுக்களுக்கு அல்பெண்டசோல் 400 மி.கி. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளையொட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் சும்மாவே கொடுக்கும் அதே மாத்திரை. கீரிப்பூச்சி என்றால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை போட வேண்டும், முட்டைக்கு மருந்து எட்டாது.

"வயிற்றைப் புண்ணாக்கும்" என்ற புகாரில் கொஞ்சம் உண்மை உண்டு. மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் வாயில் தகரத்தை நக்கிய ருசி ஒட்டிக்கொண்டே இருக்கும், குமட்டும். அந்த நாட்களிலும் முடிந்து 3 நாள் வரையும் சாராயம் கூடாது. குளிருக்கு ஒரு கட்டிங் என்று பழகியவர்கள் இதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்வது நல்லது. ஹோமியோபதித் தாய்த்திராவகச் சொட்டு மருந்திலும் ஆல்கஹால் இருக்கிறது, சேர்த்துச் சாப்பிடுவதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், அதுவும் முதல் 3 மாதத்தில், எந்தப் பூச்சி மாத்திரையையும் தானாக வாங்கி விழுங்கக் கூடாது.

மெடிக்கல் ஷாப் வழியும் மாத்திரைதான், ஆனால் குருட்டு மாத்திரை. "அண்ணே, வயித்தால போகுது, ஏதாவது குடுங்க" என்றால் நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்த ஒன்றை வெட்டிக் கொடுப்பார். பாதி ஆட்களுக்குத் தேவையே இல்லாத ஆன்டிபயாடிக், மீதிப் பேருக்கு அளவு போதாத டினிடசோல். நான்கில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது இதுதான். ஹோமியோபதி உருண்டை சும்மா இருக்கும். இது சும்மாவும் இருக்காது, வேலையையும் முடிக்காது.

கஞ்சிக்கு உரிய மரியாதை

பெரியவர்கள் சொன்ன நான்காவது வழியைப் படித்தவர்கள் மட்டமாகப் பார்ப்பது தவறு. கிருமியை அது கொல்லாது. ஆனால் வயிற்றுப்போக்கில் உயிரை எடுப்பது பெரும்பாலும் கிருமியைவிட நீரிழப்புதான். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கிய முகாமில் காலரா பரவியபோது, சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்கவைத்தார். அந்தக் கரைசல்தான் இன்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் உப்பு ஏறி இறங்கும். கடையில் அட்டை டப்பாவில் இனிக்க இனிக்க விற்பதெல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகாது.

மலையில் ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. குளிரில் தாகம் தெரியாது. நாள் முழுக்க ஐந்தாறு தடவை போயிருப்பார், ஆனால் குடித்தது இரண்டு டம்ளர் டீயாக இருக்கும். தாகத்தைப் பார்க்காமல், போன தடவைக்கெல்லாம் ஒரு டம்ளர் என்று கணக்கு வைத்துக் குடியுங்கள். குழந்தைகளுக்கு இதோடு துத்தநாக மாத்திரை 14 நாள், ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு தினம் 20 மி.கி. அரசு சுகாதார நிலையத்தில் கேட்டால் கொடுப்பார்கள்.

சாப்பாட்டில் ஜியார்டியா ஒரு தந்திரம் செய்யும். பாலைச் செரிக்கும் நொதியைச் சில வாரங்களுக்கு முடக்கிவிடும். மருந்து வேலை செய்து கிருமி போன பிறகும் பால் டீ குடித்தால் உப்புசமும் போக்கும் வரும். உடனே "இங்கிலீஷ் மருந்து கேட்கவில்லை" என்று ஹோமியோபதிக்கு ஓடுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். அப்புறம் பாலும் தானாகச் செரிக்கத் தொடங்கும், பெயர் உருண்டைக்குப் போகும். பாலை நிறுத்திவிட்டு வரட்டீயும், தயிரும் மோரும், நொய்க் கஞ்சியும், இட்லியுமாக மூன்று நான்கு வாரம் ஓட்டிப் பாருங்கள். தயிர் பலருக்குத் தாங்கும், பால் தாங்காது.

கொக்கிப்புழுவில் தாங்கிப்பிடிக்கும் வேலை இரத்தத்தைப் பற்றியது. ஒரு புழு தினமும் உறிஞ்சுவது சொட்டுக் கணக்குதான், ஆனால் நூறு புழு மாதக்கணக்கில் உறிஞ்சினால் ஆள் வெளுத்துப்போவார். பந்தலூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவை எனக்குத் தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போவார், காலை டீ வரும்போது மறக்காமல் அந்த டீயிலேயே விழுங்குவார். டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்பை உடம்பில் ஏறவிடாது. புழு மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லையே என்று அவர் கவலைப்பட்டதற்குக் காரணம் அதுதான். இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் விழுங்குகிறார்.

பாகற்காய், வேப்பங்கொழுந்து, பப்பாளி விதை, மலைப்பூண்டு என்று வீட்டு வைத்தியப் பட்டியலும் உண்டு. சாப்பாட்டு அளவில் தாராளமாகச் சேருங்கள். மாத்திரைக்கு மாற்றாக நம்பும் அளவுக்கு அவற்றில் எதுவும் இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

யாருக்கு எது?

திடகாத்திரமான ஆள், போக்கு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, ரத்தமில்லை, காய்ச்சலில்லை என்றால் ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, ஓய்வு போதும். அந்த ஒரு வாரத்தில் ஹோமியோபதி உருண்டை சேர்த்துக்கொண்டாலும் பெரிதாக நஷ்டமில்லை, ஃபீஸ் தவிர. வாரம் தாண்டினால் டெஸ்ட், முடிவுக்கேற்ற மாத்திரை. அந்தச் சமயத்திலும் உருண்டை தொடரட்டும் என்று விரும்பினால் தொடரலாம், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை, கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை நோயாளி, ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்: இவர்களுக்கு அந்த ஒரு வார அவகாசமே கிடையாது. மலத்தில் ரத்தம், காய்ச்சலோடு வலது விலாவுக்குக் கீழே வலி, வயிறு வீங்கி வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தையின் கண் குழிந்துபோவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கோத்தகிரியிலோ குன்னூரிலோ கூடலூரிலோ அரசு மருத்துவமனை இருக்கிறது, ராத்திரி என்றால் 108. மலத்தில் நாடாப்புழுத் துண்டு தட்டை அரிசி மாதிரி தெரிந்து, முன்பு எப்போதாவது வலிப்பும் வந்திருந்தால், எந்தப் பூச்சி மாத்திரையும் போடுவதற்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூளையில் அதன் கட்டி இருந்தால் மருந்து பட்டதும் வலிப்பு வரலாம்.

சரி, மாத்திரை போட்டு, பாலையும் நிறுத்தி, ஒரு மாதம் கழித்து மறுபடியும் அதே ஏப்பம் வருகிறது என்றால்? மருந்து தோற்றிருக்கலாம், அப்போது வேறு மருந்து இருக்கிறது. ஆனால் முதலில் தொட்டியை ஏறிப் பாருங்கள். மூடி போட்டு, வண்டலை வாரிக் கழுவி, குடிக்கிற தண்ணீரை மட்டுமாவது கொதிக்கவைக்க வேண்டும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஜியார்டியாவுக்கு அதுவே போதும் என்றாலும், 2000 மீட்டருக்கு மேலே இருப்பவர்களைத் தளதளவென்று கொதி வந்த பிறகு 3 நிமிஷம் விடச் சொல்கிறார்கள். குன்னூர், கோத்தகிரிக்கு ஒரு நிமிஷம். வீட்டில் இன்னொருவருக்கும் வயிறு சரியில்லை என்றால் அவருக்கும் ஒரு டப்பா கொடுத்து, இரண்டு பேரின் டெஸ்டையும் ஒன்றாகவே எடுத்துவிடுங்கள்.